நிரல் கல்லாமல் வலைத்தளம் அமைக்கலாமா?

பள்ளி இறுதித் தேர்வு முடிந்து, முடிவுகளை எதிர்நோக்கிக் காத்திருக்கும் கோடை விடுமுறையில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு வினா எழுகின்றது. ஓவியத்திலும் வண்ணத்திலும் நாட்டமுள்ள பிள்ளை, வலைத்தள வடிவமைப்புக் கற்கப் போவதாகக் கூறுகின்றது. பெற்றோரும் இசைகின்றனர். எங்கே சேர்ப்பது என்று விசாரிக்கத் தொடங்கியதுமே இருவேறு குரல்கள் கேட்கின்றன. "கோடிங் ஒரு வரிகூடத் தெரிய வேண்டாம், மூன்றே மாதத்தில் வடிவமைப்பாளர் ஆகலாம்" என்கிறது பயிற்சி நிலையத்தின் விளம்பரம். "கோடிங் தெரியாமல் அந்தத் துறையில் கால் வைக்கவே கூடாது, முதலில் ஜாவாஸ்கிரிப்ட் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் உறவினர். கட்டணம் செலுத்த வேண்டிய தந்தையும், பிள்ளையின் முகத்தையே நோக்கிக் கொண்டிருக்கும் தாயும் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கின்றனர்.

இம்மாதம் இவ்வினாவையே எடுத்துக்கொள்வோம். இதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவோர் இரு வேறு பொருள்களை ஒரே பெயரால் குழப்புகின்றனர் என்பது நம் கருத்து. 'கோடிங்' என்று பொதுவாக வழங்கப்படுவதில் ஒரு பகுதி, கணினிக்குக் கட்டளையிடும் நிரல் எழுதுதல். மற்றொரு பகுதி, எழுதிய செய்திக்குக் குறியிடுதல். முன்னது கணிதத்தை ஒத்தது. பின்னது இலக்கணத்தை ஒத்தது. தொடக்க மாணவருக்குப் பின்னது இன்றியமையாதது என்றும், முன்னது சற்றுப் பொறுக்கலாம் என்றும் நாம் கருதுகின்றோம்.

குறியிடுதல் என்பது யாது? அச்சகப் பணியை அறிந்த வாசகர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஈயத்தில் வார்த்த எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில், ஆசிரியர் கைப்படியை அப்படியே அச்சுக் கோப்பவரிடம் கொடுப்பதில்லை. 'இது தலைப்பு, பெரிய எழுத்தில்', 'இங்கே புதிய பத்தி', 'இவ்வரி சாய்வெழுத்தில்' என்று ஓரங்களில் குறித்துக் கொடுப்பார். அக்குறிகள் அச்சில் வருவதில்லை. எனினும் பக்கம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அவையே தீர்மானிக்கும். வலைப்பக்கத்தின் அடிப்படையான எச்.டி.எம்.எல். மொழியும் இவ்வழக்கத்தின் வழிவந்ததே. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது வேறொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்பு என்று செய்தியின் ஒவ்வோர் உறுப்புக்கும் இரு புறமும் குறியிட்டு வைப்பதே அதன் பணி. நம் கைப்பேசியில் உள்ள உலாவி அக்குறிகளைப் படித்துப் பக்கத்தைக் கட்டிக் காட்டுகின்றது. இதில் கணக்கும் இல்லை, தருக்கப் புதிரும் இல்லை.

இம்மொழியைத் தந்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவா நகரை ஒட்டியுள்ள செர்ன் என்னும் அணு இயற்பியல் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றியபோது, அங்குள்ள ஆய்வாளர்கள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு முறை வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டில் அவர் ஒரு திட்டம் எழுதினார். 1990-ஆம் ஆண்டின் இறுதியில் முதல் வலைப்பக்கம் இயங்கியது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இக்கண்டுபிடிப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தது.

இங்கே எதிர்த்தரப்பாருக்கு உதவும் ஒரு செய்தியையும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். பெர்னர்ஸ்-லீ முதன்முதலில் செய்த உலாவி, பக்கங்களைப் படிக்கும் கருவியாக மட்டுமன்றி எழுதும் கருவியாகவும் இருந்தது. குறிகளைக் கண்ணால் காணாமலேயே அதில் பக்கம் அமைக்கலாம். அதாவது, மக்கள் குறிகளைக் கையால் எழுதிக் கொண்டிருக்க வேண்டும் என்பது முதல்வரின் எண்ணமாகவே இல்லை. ஆயினும் 1993-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய மொசெய்க் போன்ற உலாவிகள் படிப்பதற்கு மட்டுமே ஏற்றவையாக அமைந்தன. எழுத விரும்பியோர் பிறர் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்துத் தாமே கற்றனர். உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் உள்ளே எழுதப்பட்டுள்ள குறிகளை எவரும் பார்க்கலாம் என்னும் வசதி இன்றும் உண்டு. தன் அடுக்களையை எவருக்கும் திறந்து காட்டும் தொழில் வேறு எத்தனை உள்ளன?

எச்.டி.எம்.எல். செய்தியின் அமைப்பைக் கூறுமேயன்றி அதன் தோற்றத்தைக் கூறாது. வண்ணம், எழுத்தின் அளவு, இடைவெளி, எந்தப் பகுதி எந்தப் பகுதியின் அருகே அமைய வேண்டும் என்பனவற்றைக் கூற மற்றொரு மொழி உண்டு, அதற்குச் சி.எஸ்.எஸ். என்று பெயர். ஹோக்கன் வியும் லீ என்பார் 1994-இல் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் அது முறையான தரமாக அறிவிக்கப்பட்டது. இவ்விரண்டையும் பிரித்து வைத்ததன் அழகை விளக்க ஒரு தளம் உண்டு. டேவ் ஷே என்னும் கனடா நாட்டு வடிவமைப்பாளர் 2003-இல் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்ற ஒன்றை நிறுவினார். பக்கத்தின் செய்தி ஒன்றே, குறிகளும் அவையே. தோற்றத்தைக் கூறும் கோப்பை மட்டும் மாற்றி எவரும் தம் கைவண்ணத்தைக் காட்டலாம் என்று அழைத்தார். இருநூறுக்கு மேற்பட்ட வடிவங்கள் அங்கே தொகுக்கப்பட்டன. ஒரே உடல் இத்தனை ஆடைகளில் தோன்றுவதைக் காணும் மாணவருக்கு, வடிவமைப்பு என்பது எங்கே தொடங்குகின்றது என்பது பளிச்செனப் புலப்படும். ஒரு மணி நேரம் பிள்ளையை அதன் முன் அமர வைப்பது ஒரு மாத வகுப்புக்கு ஈடாகும் என்று நாம் துணிந்து கூறுவோம்.

நிற்க. குறிகளைத் தொடாமலேயே பக்கம் அமைக்கும் கருவிகள் புதியன அல்ல. வலையுலகம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பிரண்ட்பேஜ் ஒருகாலத்தில் அலுவலகந்தோறும் இருந்தது. 2006-இல் அந்நிறுவனமே அதைக் கைவிட்டது. இவற்றுள் மிகவும் படிப்பினை தருவது பிளாஷ் என்னும் மென்பொருளின் வரலாறாகும். மேக்ரோமீடியா நிறுவனம் 1996-இல் வாங்கி வளர்த்த இக்கருவி, பின்னர் அடோபி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அசையும் படங்களும், இசையும், விளையாட்டுகளும் நிறைந்த தளங்களை அதில் அமைக்கலாம். ஏறத்தாழப் பத்து ஆண்டுக் காலம் வலைத்தள வடிவமைப்பாளர் என்றால் பிளாஷ் வல்லுநர் என்றே பலர் பொருள்கொண்டனர். அதை மட்டும் கற்பிக்கும் வகுப்புகளும் பெருகின.

பிளாஷில் செய்த பக்கம் வெளிப்பார்வைக்கு வலைப்பக்கம் போலத் தோன்றினும், உள்ளே பூட்டிய பெட்டி. அதைத் திறக்கத் தனிச் செருகுநிரல் வேண்டும். 2007-இல் வெளிவந்த ஐபோன் அச்செருகுநிரலை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், இனியும் ஏற்கப் போவதில்லை என்று வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். மக்கள் மேசைக் கணினியை விட்டுக் கைப்பேசிக்கு மாறிக் கொண்டிருந்த காலம் அது. 2017-இல் அடோபி நிறுவனம் முடிவு தேதியை அறிவித்தது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு பிளாஷின் ஆயுள் முடிந்தது. அதில் ஆண்டுக்கணக்காக உழைத்தோரின் படைப்புகள் பல இன்று சாதாரண உலாவியில் திறப்பதே இல்லை. இதற்கு மாறாக, செர்ன் நிறுவனம் பாதுகாத்திருந்த முதல் தளத்தின் 1992-ஆம் ஆண்டுப் பிரதியை 2013-இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் ஏற்றி வைத்தது. வெறும் எழுத்தும் குறியுமாக அமைந்த அப்பக்கம் இன்றைய கைப்பேசியில் பழுதின்றித் திறக்கின்றது. பிளாஷ் மட்டும் கற்றவர்கள் நடுவயதில் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. குறிமொழியும் அறிந்து பிளாஷையும் பயன்படுத்தியவர்களுக்கு அவ்வளவு இடர் நேரவில்லை. கருவியைப் பழிக்க நாம் இதைக் கூறவில்லை. கருவிகள் நிறுவனங்களுக்கு உரியவை. அவற்றின் ஆயுளை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. கற்பதற்காகச் செலவிடப்படும் ஆண்டுகளோ நம் பிள்ளைகளுக்கு உரியவை.

ஆனால் வேலை நிலைக்குமா என்னும் கவலையைவிட முக்கியமான ஒன்று இதில் உண்டு. அதைப் பலரும் கூறுவதில்லையாதலால் சற்று விரித்துக் கூற விரும்புகின்றோம்.

வலைப்பக்கத்தைக் கண்ணால் பார்ப்போர் மட்டுமே பயன்படுத்துவதில்லை. பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால் அதைக் காதால் கேட்கின்றனர். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்னும் பார்வையற்ற இருவர் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. அது உலகின் பல மொழிகளில் படித்துக் காட்டுகின்றது. இம்மென்பொருள் பக்கத்தின் வண்ணத்தையும் அழகையும் காண்பதில்லை. நாம் மேலே கூறிய குறிகளையே படிக்கின்றது. 'இது தலைப்பு' என்று குறியிட்டிருந்தால், கேட்பவர் ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்புத் தாவிச் செல்லலாம்; நாம் நாளிதழைப் புரட்டித் தலைப்புகளை மேய்வது போன்றது அது. தலைப்புக் குறி இடாமல், எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தடிப்பாக்கி வைத்திருந்தால் கண்ணுக்கு அது தலைப்புதான். காதுக்கோ மற்றொரு வரி. பொத்தான் போல வரைந்த ஒரு கட்டத்தைப் பொத்தான் என்று குறியிடாவிடில், பார்வையுள்ளவர் அதை அழுத்திச் செல்வார். பார்வையற்றவருக்கு அங்கே பொத்தான் இருப்பதே தெரியாது. விண்ணப்பப் படிவத்தின் வெற்றுக் கட்டங்களுக்குப் பெயர் இடாவிட்டால், எந்தக் கட்டத்தில் தம் பெயரை எழுதுவது, எதில் பிறந்த நாளை எழுதுவது என்று அவர் எவ்வாறு அறிவார்?

இவை எல்லாம் குறிமொழியில் ஒவ்வொரு சொல்லால் தீரும் குறைகள். ஆயினும் தீர்க்கப்படுவதில்லை. அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வெப்எய்ம் என்னும் அமைப்பு, 2019 முதல் ஆண்டுதோறும் 10 இலட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்து வருகின்றது. 2025-ஆம் ஆண்டுச் சோதனையில் 100-க்கு ஏறத்தாழ 95 பக்கங்களில் இத்தகைய குறைகள் காணப்பட்டன. அடிக்கடி காணப்படும் குறைகள் எவை என்று நோக்கினால் வியப்பாக உள்ளது: பின்னணியோடு கலந்து மங்கித் தெரியும் எழுத்து, விளக்கம் எழுதப்படாத படம், பெயரில்லாத படிவக் கட்டம். பெரிய தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. முதல் மாதத்துப் பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவரே இவற்றைத் தவிர்த்துவிடலாம்.

நம் நாட்டில் இது இனியும் தயவைப் பொறுத்த காரியம் அன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுச் சேவைகளையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. வங்கிக் கணக்குத் தொடங்கக் கைப்பேசியின் முன் கண்ணிமைத்துக் காட்டுமாறு கேட்கும் அடையாளச் சரிபார்ப்பு முறையை, அமில வீச்சால் கண்கள் சிதைந்தோரும் பார்வையற்றோரும் எவ்வாறு நிறைவேற்றுவது? இதனை முறையிட்டுத் தொடுக்கப்பட்ட வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. இணையவழிச் சேவைகளை அடையும் வாய்ப்பு, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று அத்தீர்ப்பு கூறிற்று. வலைப்பக்கம் அமைப்பவரின் கவனக்குறைவு, ஒருவர் தம் ஓய்வூதியத்தைப் பெறுவதையோ மருத்துவரைக் காண முன்பதிவு செய்வதையோ தடுத்துவிடக்கூடும். கட்டடம் கட்டுபவர் படியின் அருகே சாய்தளம் அமைக்க மறப்பதற்கு ஒப்பானது இது.

தமிழில் பக்கம் அமைப்போருக்கு இதில் தனிப் பாடமே உண்டு. பக்கத்தின் தொடக்கத்தில் இது எம்மொழிப் பக்கம் என்று குறிக்கும் இடம் ஒன்று உள்ளது. தமிழுக்கு டி, ஏ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். அயல்நாட்டுக் கருவியில் ஆயத்த வடிவத்தை எடுத்து, அதில் தமிழை நிரப்புவோர் பலர் அவ்விடத்தில் ஆங்கிலம் என்று இருப்பதை மாற்றுவதில்லை. அப்படி ஓர் இடம் இருப்பதையே அறியார். அதன் விளைவாகத் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலால் படிக்க முயன்று தடுமாற நேரிடும். அவ்வாறே, வடிவமைப்புக் கருவிகளில் மாதிரிக்கு இடப்படும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமோ இலத்தீனோ ஆகும். ஆங்கிலத்தில் ஆறேழு எழுத்தில் அடங்கும் பொத்தானில் 'பதிவுசெய்துகொள்ளவும்' என்று எழுதிப் பாருங்கள். கைப்பேசித் திரையில் பாதிச் சொல் கட்டத்திற்கு வெளியே தொங்கும். வரிகளை நெருக்கமாக அமைத்தால் மேல்வரியின் உகரக் கொம்பும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் ஒன்றோடொன்று மோதும். படம் வரைபவராக மட்டும் பழகியவர், கட்டத்தின் அகலத்தை அளவுகோலால் அளந்து நிறுத்துகின்றார். குறிமொழியை அறிந்தவரோ, உள்ளிருக்கும் சொல்லுக்கேற்பக் கட்டம் விரியட்டும் என்று எழுதுகின்றார். வலைப்பக்கம் காகிதம் அன்று. அதற்கு நிலையான அகலமும் நீளமும் இல்லை. 2010-இல் ஈத்தன் மார்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், திரையின் அளவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கத்தை அமைக்கும் முறையை விளக்கிக் கட்டுரை எழுதிய பின்னரே இவ்வுண்மை பரவலாக ஏற்கப்பட்டது. கையால் ஒரு பக்கம் எழுதி, உலாவியின் சாளரத்தைச் சுருக்கியும் விரித்தும் பார்க்கும் மாணவர் இதை ஒரே மாலையில் உணர்ந்துவிடுவார்.

சில பங்குகளின் தளங்களிலும் இக்குறையைக் காண்கின்றோம். ஞாயிறு திருப்பலி நேரங்களையும் விழா அறிவிப்பையும் வண்ணச் சுவரொட்டியாகச் செய்து, அப்படத்தை மட்டும் ஏற்றிவிடுகின்றனர். பார்வைக்கு நன்றாகவே உள்ளது. ஆனால் படத்தினுள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி கண்டுபிடிப்பது அரிது. சிறு திரையில் முதியோர் படிக்க இயலாது. விளக்கம் எழுதப்படாத படத்தைத் திரைவாசிப்பான் 'படம்' என்று மட்டும் கூறி நகர்ந்துவிடும். அதே நேரங்களை நான்கு வரி அட்டவணையாக எழுதியிருந்தால் இத்தனை தொல்லையும் இல்லை. ஆர்வத்தோடு உழைக்கும் இளையோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

இனி மறுதரப்பின் நியாயத்தையும் நோக்குவோம். பெரிய நிறுவனங்களில் வடிவமைப்பவர் வேறு, நிரல் எழுதுபவர் வேறு. வடிவமைப்பாளர் பிக்மா போன்ற கருவியில் பக்கத்தை வரைந்து கொடுக்க, மற்றவர் அதைக் கட்டி எழுப்புவார். அங்கே ஒரு குறிகூட எழுதாமல் நல்ல ஊதியத்தில் பணியாற்றுவோர் உண்டு என்பதை மறுக்க இயலாது. அன்றியும், வண்ணப் பொருத்தம், எழுத்தின் தேர்வு, எதை முன்னே நிறுத்தி எதைப் பின்னே தள்ளுவது என்னும் அறிவு ஆகியவை குறிமொழியால் வருவன அல்ல. அவற்றுக்கு நல்ல சுவரொட்டிகளையும் நூலட்டைகளையும் ஆண்டுக்கணக்கில் கூர்ந்து பார்த்த கண் வேண்டும். குறிமொழி மட்டும் கற்று இவற்றைக் கல்லாதவர் செய்யும் பக்கம் ஒழுங்காக இயங்கும். ஆனால் பார்க்கச் சகிக்காது. நாம் அத்தகைய பக்கங்களையும் நிறையவே கண்டிருக்கின்றோம்.

ஒரு சிறு கடைக்காரர் தம் கடைக்குப் பக்கம் வேண்டும் என்று விரும்பினால், அவர் எதையும் கற்க வேண்டியதில்லை. 2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸ் இன்று உலக வலைத்தளங்களுள் 100-க்கு 40-க்கு மேற்பட்டவற்றை இயக்குகின்றது. அதைப் பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் குறிமொழி அறியாதவரே. தம் சட்டைக்குத் தாமே பொத்தான் தைத்துக்கொள்பவர் தையற்கலை பயில வேண்டியதில்லை. தையற்கடை வைக்க விரும்புபவரைப் பற்றியே நாம் பேசுகின்றோம்.

ஜாவாஸ்கிரிப்ட் குறித்தும் ஒரு சொல். இதுவே உண்மையான நிரல்மொழி. பக்கத்தை இயங்கச் செய்வது. ஆர்வமுள்ளோர் கற்கட்டும்; காலப்போக்கில் வடிவமைப்பாளருக்கும் ஓரளவு வேண்டியதே. ஆனால் வண்ணத்தையும் எழுத்தையும் நேசித்து வந்த பிள்ளையை முதல் வாரத்திலேயே இதில் அமர்த்தி, அதன் மேல் கட்டிய ரியாக்ட் போன்றவற்றையும் சுமத்தும் வகுப்புகள் பல உள்ளன. இரண்டு மாதத்தில் பிள்ளை, 'எனக்கு மூளை இல்லை' என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுகின்றது. கட்டிய பணத்தைவிட இந்த நட்டம் பெரிது. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டையும் நாள்தோறும் ஒரு மணி நேரம் என்ற அளவில் இரண்டு மூன்று மாதம் நிதானமாகப் பயின்று, அதே காலத்தில் வரைகலையையும் தொடர்ந்தால் போதும். அதன்பின் எப்பக்கம் சாய்வது என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

"இயந்திரமே எழுதித் தரும்போது கற்பானேன்?" என்று இன்று சிலர் கேட்கின்றனர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இக்கேள்வி வலுத்துள்ளது. வேண்டிய பக்கத்தை வாய்மொழியாகச் சொன்னால் சில நொடிகளில் குறிகள் முழுவதையும் எழுதித் தரும் கருவிகள் இப்போது உள்ளன, நன்றாகவே எழுதுகின்றன. ஆனால் அவை வலையில் உள்ள பக்கங்களைப் பார்த்துக் கற்றவை. அப்பக்கங்களில் 100-க்கு 95 எத்தகையவை என்று சற்று முன் கண்டோம். இயந்திரம் தந்ததைப் படித்து, இங்கே பொத்தானுக்குக் குறி இல்லை, இங்கே மொழி தவறாக உள்ளது என்று சுட்டுவதற்கு ஒருவர் வேண்டாமா? கணக்குப் பொறி வந்த பின்பும் கடையில் இரசீதைச் சரிபார்க்க வாய்ப்பாடு தெரிந்தவர் வேண்டியிருக்கின்றது. இன்னும் ஒன்று: ஆயத்தக் கட்டங்களை இழுத்து வைத்து எளிய பக்கம் செய்யும் வேலையையே இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்கின்றது. அவ்வேலையை மட்டும் கற்பிக்கும் மூன்று மாத வகுப்புக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதன்முன் பெற்றோர் இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டணம் என்றதும் ஒரு செய்தி. குறிமொழி கற்கப் பணம் தேவையே இல்லை. எந்தக் கணினியிலும் உள்ள நோட்பேடும் உலாவியும் போதும். பத்தாண்டுப் பழைய கணினியாயினும் தடையில்லை. கைப்பேசியிலேயே கற்றுக்கொள்ளலாம் என்று சிலர் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. அச்சிறு திரையில் குறிகளை எழுதித் திருத்துவது பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும். உறவினர் வீட்டுக் கணினியையோ நூலகக் கணினியையோ வாரத்தில் சில மணி நேரம் பயன்படுத்த ஏற்பாடு செய்வது மேல். பாடங்களுக்கு மொசில்லா அமைப்பின் எம்.டி.என். தளமும், ப்ரீகோட்கேம்ப் தளமும் முற்றிலும் இலவசம். இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆங்கிலம் தட்டுப்படும் பிள்ளைக்கு அருகிருந்து உதவ ஒருவர் வேண்டும் என்பதே உண்மையான இடர். வழிகாட்டுபவர் வேண்டும் என்பதற்காகவே பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதாயின், பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "வகுப்பு முடிவதற்குள் என் பிள்ளை எந்தக் கருவியின் துணையுமின்றி ஒரு முழுப் பக்கத்தைத் தன் கையால் எழுதுமா?" இதற்குத் தெளிவான விடை தராமல் சான்றிதழைப் பற்றியும் வேலை உத்தரவாதத்தைப் பற்றியும் பேசத் தொடங்கினால், வணக்கம் கூறி வெளியே வந்துவிடலாம்.

வீட்டிலேயே தொடங்க விரும்புவோருக்கு முதற்பயிற்சி ஒன்றைக் கூறுகின்றோம். பிள்ளை தன் பங்கின் வழிபாட்டு நேரங்களைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதட்டும்: ஒரு தலைப்பு, இரண்டு பத்தி, ஓர் அட்டவணை, கோயிலின் படம் ஒன்று, அப்படத்திற்குச் சொற்களில் விளக்கம், பக்கத்தின் தொடக்கத்தில் மொழிக் குறி. வண்ணம் எதுவும் வேண்டாம். எழுதி முடித்ததும் கைப்பேசியில் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, வீட்டிலுள்ள பாட்டியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். அடுத்து, கைப்பேசியின் அமைப்புகளில் உள்ள திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த ஞாயிறு காலைத் திருப்பலி எத்தனை மணிக்கு என்று தானே கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். வண்ணம் தீட்டும் வேலையை அதற்கு மறுநாள் தொடங்கலாம்.